ஓடிக்கிட்டிருக்கிற ஸ்விட்சை ஸ்டாக்ல சொருகாதீங்க

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, கொஞ்சம் சுருக்கித் திருத்தியது.)

இந்த வாரம் சென்னை ரூம்ல இல்லை, ஊர்ல இருக்கேன். கலசப்பாக்கம். திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் நடுவுல, செய்யாறு ஓடுற ஊர். மொட்டை மாடியில நின்னா பர்வதமலை தெரியும், அந்தப் பக்கம் ஜவ்வாது மலை. பின்னாடி பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க. நடுவுல கரண்ட் போனாலும் போகலாம். போனா நல்லதுதான், இன்னிக்கு டாபிக்ல கரண்ட் கட்டும் வருது.

போன வாரம் கேட்பவர் ஒருத்தர், இப்பதான் வேலைக்குச் சேர்ந்த தம்பி, மெசேஜ் பண்ணியிருந்தார். "அண்ணா, எங்க ஆபீஸ்ல மூணு ஸ்விட்ச் ஸ்டாக்ல ஓடுது. நாலாவதா ஒண்ணு சேர்க்கச் சொல்லியிருக்காங்க. சும்மா பின்னாடி கேபிளைச் சொருகினா போதும்தானே?"

அந்த "சும்மா"வைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னா இதே "சும்மா"வை நானும் ஒரு நாள் சொன்னேன். அன்னிக்கு நூறு பேருக்கு மேல என்னால கஷ்டப்பட்டாங்க. அந்தக் கதையைச் சொல்லிட்டு, ஏன் அப்படி ஆச்சு, எப்படிச் செஞ்சிருக்கணும்னு பேசலாம்.

அந்த நாள்

நான் இப்ப சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஆனா டிகிரி முடிச்ச கையோட முதல்ல போனது நெட்வொர்க் வேலை எடுத்துச் செய்யிற ஒரு சின்ன கான்ட்ராக்டர்கிட்ட. கேபிள் இழுக்கிறது, ரேக் மாட்டுறது, ஸ்விட்ச் கான்ஃபிக் போடுறதுன்னு எல்லாமே நாங்கதான். எங்க மாவட்டத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ், பேர் வேண்டாம். கம்ப்யூட்டர் லேப்ல புதுசா சிஸ்டம் போட்டாங்க, போர்ட் பத்தலை. ஏற்கெனவே மூணு ஸ்விட்ச் ஸ்டாக்ல இருந்தது. நாலாவது ஒண்ணைச் சேர்க்கணும். புதுசு வாங்கலை. வேற பில்டிங்ல இருந்து முன்னாடி கழட்டி, ஸ்டோர் ரூம்ல வெச்சிருந்த பழைய ஸ்விட்ச்.

நான் நல்ல பிள்ளையா அதோட பழைய கான்ஃபிக் எல்லாத்தையும் 'ரைட் எரேஸ்' போட்டு அழிச்சேன். ரேக்ல மாட்டினேன். ஆன் ஆகுதான்னு பார்க்க பவர் கொடுத்தேன். பச்சை லைட் வந்துச்சு. சந்தோஷமா, அது ஓடிக்கிட்டிருக்கும்போதே பின்னாடி ஸ்டாக் கேபிளைச் சொருகினேன்.

அப்ப மேல ரெண்டு லேப்ல பசங்க கேம்பஸ் பிளேஸ்மென்ட் ஆன்லைன் டெஸ்ட் எழுதிக்கிட்டிருந்தாங்க. எனக்கு அது தெரியும். "ஒரு ஸ்விட்ச் சேர்க்கிறதுதானே, ஓடுறதை நான் தொடவே போறதில்லையே"ன்னு நினைச்சேன்.

கொஞ்ச நேரத்துல ஓடிக்கிட்டிருந்த மூணு ஸ்விட்சும் ஒண்ணா ரீபூட் ஆச்சு. மூணுலயும் லைட் அணைஞ்சு, திரும்ப வந்து, மினுங்கி. நான் அப்படியே நிக்கிறேன். சில நிமிஷத்துல நாலும் ஒரே ஸ்டாக்கா வந்துடுச்சு. அப்பாடான்னு மூச்சு விட்டேன். ஆனா நெட் வரலை. உள்ள போய்ப் பார்த்தா விலான் இல்லை, அப்லிங்க் ட்ரங்க் இல்லை, ஐபி இல்லை. மூணு ஸ்விட்ச்ல இருந்த கான்ஃபிக் போயிடுச்சு. நான் கையால அழிச்சு வெச்சிருந்த அந்த நாலாவது ஸ்விட்சோட வெறும் கான்ஃபிக்தான் நாலுக்கும் இப்ப கான்ஃபிக்.

மேல லேப்ல ஸ்க்ரீன் உறைஞ்சு நிக்குது. சில பேருக்கு டைமர் மட்டும் ஓடுது, பதில் சேவ் ஆகலை. படியேறிப் போனேன். முதல் வரிசையில ஒரு பொண்ணு. ஜமுனாமரத்தூர் பக்கம் மலைக்கிராமம்னு பக்கத்துல இருந்த தோழி சொன்னா. "அண்ணா, நெட்டு எப்போ வரும்?"னு கேட்டா. "இப்ப வந்துடும்மா"ன்னேன். ரெண்டு மணி நேரத்துல நாலு தடவை கேட்டா. நாலு தடவையும் அதே பதிலைச் சொன்னேன். எனக்கே தெரியாத ஒண்ணை அவ்ளோ தைரியமா சொல்லிக்கிட்டிருந்தேன்.

பழைய கான்ஃபிக் காப்பி என்கிட்ட இல்லை. எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர் தன் மெயில்ல தேடி, பல மாசத்துக்கு முந்தின ஒரு காப்பி அனுப்பினார். அதை வெச்சுக் கட்டி, விட்டுப்போனதை லேப் அட்மின் சாரோட உக்காந்து ஒவ்வொரு போர்ட்டா சரி பண்ணினோம். டெஸ்ட் சாயங்காலம் மறுபடி நடந்தது. ஆனா மலைக்குப் போற கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்னா சாயங்காலம் வரைக்கும் உக்கார முடியாது. அந்தப் பொண்ணு இருந்து எழுதினாளா, கிளம்பிட்டாளான்னு எனக்குத் தெரியாது. கேக்க எனக்கு தைரியம் வரலை.

ஸ்டாக்னா என்ன?

ஸ்விட்ச் தெரியும் இல்லையா, 24 இல்ல 48 போர்ட் இருக்கிற பெட்டி. நாலு பெட்டி தனித்தனியா இருந்தா நாலு ஐபி, நாலு லாகின், நாலு கான்ஃபிக். இதையே பின்பக்கம் ஸ்பெஷல் கேபிள் போட்டு வட்டமா இணைச்சா நாலும் சேர்ந்து ஒரே ஸ்விட்ச் மாதிரி நடந்துக்கும். ஒரே ஐபி, ஒரே கான்ஃபிக். போர்ட் பேர்ல முதல் எண் எந்தப் பெட்டின்னு சொல்லும். 3/0/24-ன்னா மூணாவது பெட்டியோட 24-வது போர்ட். அவ்ளோதான்.

நான் சிஸ்கோ கேட்டலிஸ்ட் வரிசையை வெச்சே பேசறேன், ஏன்னா இங்க காலேஜ்லயும் ஆபீஸ்லயும் நிறைய பார்க்கிறது அதுதான். பழைய 3750-ல அதிகபட்சம் 9 ஸ்விட்ச், அந்த வட்டத்தோட வேகம் 32 ஜிபிபிஎஸ். இப்ப இருக்கிற 9300-ல 8 ஸ்விட்ச், 480 ஜிபிபிஎஸ்.

ஒரே ஸ்விட்ச் மாதிரி நடக்கணும்னா மூளை ஒண்ணுதான் இருக்கணும். அதனால ஸ்டாக்ல ஒரு தலைவர் உண்டு. பழைய டாக்குமென்ட்ல மாஸ்டர்னு இருக்கும், இப்ப ஆக்டிவ்னு சொல்றாங்க. கான்ஃபிக் தலைவருடையது. மத்தவங்க எல்லாம் உறுப்பினர்.

தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறாங்க? ப்ரையாரிட்டின்னு ஒரு எண். 1-லேர்ந்து 15 வரைக்கும். நீங்க எதுவும் செட் பண்ணலைன்னா எல்லாருக்கும் 1. அதிக எண் இருக்கிறவர் ஜெயிப்பார். எல்லாம் சமமா இருந்தா கடைசியா மேக் அட்ரஸைப் பார்ப்பாங்க, சின்ன மேக் ஜெயிக்கும். சின்ன மேக் பெரும்பாலும் எதுக்கு இருக்கும்? பழைய பெட்டிக்கு. அதாவது நீங்க எதுவும் செட் பண்ணாம விட்டா, ரேக்லயே வயசான பெட்டி தலைவராக வாய்ப்பு அதிகம்.

இப்ப இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும்னா இது. ஆன்ல இருக்கிற தனி ஸ்விட்ச்ங்கிறது, ஒரே ஒரு ஆள் இருக்கிற ஸ்டாக். அதுக்கு அதுவே தலைவர். அதை ஓடும்போதே இன்னொரு ஸ்டாக்ல சொருகினா, நீங்க ஒரு உறுப்பினரைச் சேர்க்கலை. ரெண்டு ராஜ்யத்தை மோத விடறீங்க. ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்காதுன்னு சொல்லுவாங்களே, அதே கதைதான். ரெண்டு தலைவருக்கும் தேர்தல் நடக்கும். ஜெயிச்ச பக்கம் அப்படியே ஓடும். தோத்த பக்கம் மொத்தமும் ரீபூட் ஆகி, ஜெயிச்சவரோட கான்ஃபிக்கை வாங்கிக்கிட்டு உறுப்பினரா வரும். எந்தப் பக்கம் எத்தனை பேர் இருக்காங்கன்னு அங்க யாரும் பார்க்க மாட்டாங்க.

என் கதையில மூணு ஸ்விட்சோட ப்ரையாரிட்டியும் 1. யாரும் செட் பண்ணலை. ஸ்டோர் ரூம்லேர்ந்து வந்த பழசு, முன்னாடி இருந்த பில்டிங்ல தலைவரா இருந்தது. ப்ரையாரிட்டி 15. "நீதான் அழிச்சியே"ன்னு கேப்பீங்க. அங்கதான் நான் விழுந்தேன். ஸ்விட்ச் நம்பரும் ப்ரையாரிட்டியும் சாதாரண கான்ஃபிக் ஃபைல்ல இருக்கிறதில்லை, தனி இடத்துல இருக்கு. 'ரைட் எரேஸ்' அதைத் தொடாது. நான் மூளையைக் காலி பண்ணிட்டு, பதவியை மட்டும் விட்டு வெச்சிருந்தேன்.

சேர்க்கிறது எப்படி

அந்தத் தம்பிக்கும் உங்களுக்கும், வரிசையா சொல்றேன். ஃபோன்ல நோட் பண்ணிக்குங்க.

ஒண்ணு. இருக்கிற ஸ்டாக்கோட கான்ஃபிக்கை சேவ் பண்ணி, ஒரு காப்பியை ஸ்விட்சுக்கு வெளியில எடுத்து வெச்சுக்குங்க. லேப்டாப்லயோ சர்வர்லயோ. இது இல்லாம அடுத்த படிக்குப் போகாதீங்க.

ரெண்டு. தலைவருக்கு ப்ரையாரிட்டி 15, அவருக்கு அடுத்து யார் வரணும்னு நினைக்கிறீங்களோ அவருக்கு 14. இதை இப்பவே செட் பண்ணுங்க. தற்செயலா விட வேண்டாம்.

மூணு. புது ஸ்விட்சை டேபிள் மேல வெச்சு, எந்த நெட்வொர்க்லயும் மாட்டாம, தனியா ஆன் பண்ணிப் பாருங்க. பழைய கான்ஃபிக்கையும் விலான் ஃபைலையும் அழிங்க. 'ஷோ ஸ்விட்ச்' போட்டு ப்ரையாரிட்டியைக் கண்ணால பாருங்க, 1 இல்லைன்னா 1 ஆக்குங்க. சாஃப்ட்வேர் வெர்ஷனும் லைசென்ஸும் ஸ்டாக்ல இருக்கிறதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. வெர்ஷன் வேறன்னா அது 'வெர்ஷன் மிஸ்மேட்ச்'னு நிக்கும், போர்ட் வேலை செய்யாது. சில மாடல்ல தலைவரே அதுக்குச் சரியான சாஃப்ட்வேரைத் தருவார், சிலதுல அதை ஆன் பண்ணி வெச்சிருக்கணும். டேபிள்லயே சரி பண்ணிட்டா ரேக் முன்னாடி வியர்க்க வேண்டாம்.

நாலு. ஸ்டாக்கோட வட்டம் முழுசா இருக்கான்னு பாருங்க. 'ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ்'. எல்லாம் ஓகேன்னு வரணும். ஏன் கேக்கறேன்னா, நடுவுல புது ஸ்விட்சைச் சேர்க்க ஒரு கேபிளைக் கழட்டப் போறீங்க. சின்னப் பசங்க கைகோத்து வட்டமா நிக்கிறாங்கன்னு வெச்சுக்குங்க. ஒரு இடத்துல கை விட்டா வட்டம் போய் வரிசை ஆகும், ஆனா எல்லாரும் இன்னும் ஒண்ணாத்தான் இருக்காங்க. ரெண்டு இடத்துல விட்டா ரெண்டு கூட்டம். ஏற்கெனவே எங்கயோ ஒரு கேபிள் லூஸா இருந்து, நீங்க இன்னொண்ணைக் கழட்டினா ஸ்டாக் ரெண்டா உடையும். உடைஞ்ச ரெண்டு பக்கமும் ஒரே ஐபி, ஒரே கான்ஃபிக்கோட உயிரோட இருக்கும். அதுக்கப்புறம் நெட்வொர்க்ல எது யாருன்னு யாருக்கும் தெரியாது.

அஞ்சு. புது ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க. சும்மா ஆஃப் இல்லை, பவர் கார்டையே உருவுங்க. ரேக்ல மாட்டுங்க. ஒரே ஒரு ஸ்டாக் கேபிளைக் கழட்டி, புதுசை நடுவுல கோத்து, ரெண்டு பக்கமும் இறுக்குங்க. இந்த நேரத்துல வட்டத்தோட வேகம் பாதியாகும், ஆனா யாருக்கும் நெட் போகாது.

ஆறு. இப்பதான் பவர். கொடுத்துட்டு கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. அது பூட் ஆகும்போதே பக்கத்துல தலைவர் இருக்கார்னு பார்க்கும், பேசாம உறுப்பினரா சேர்ந்துக்கும். 'ஷோ ஸ்விட்ச்'ல ரெடின்னு வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. வந்ததும் வட்டத்தை மறுபடி சரி பாருங்க, கான்ஃபிக்கை சேவ் பண்ணுங்க.

பாருங்க, நான் செஞ்சதுக்கும் இதுக்கும் வித்தியாசம் ஒரு பவர் கார்டுதான். கேபிளுக்கு அப்புறம் பவர். நான் பவருக்கு அப்புறம் கேபிள்.

எடுக்கிறது எப்படி

சேர்க்கிறதைவிட எடுக்கிறதுலதான் அலட்சியம் அதிகம். "போற பொருள்தானே"ன்னு. ஆனா என் கதையோட விதை எங்க விழுந்துச்சு? அந்தப் பழைய ஸ்விட்சை முன்னாடி யாரோ கழட்டினாங்களே, அன்னிக்கு.

முதல்ல அதுல மாட்டியிருக்கிற கம்ப்யூட்டர், வைஃபை, கேமரா கேபிளை எல்லாம் வேற பெட்டிக்கு மாத்துங்க. அப்லிங்க் அதுல இருந்தா அதை முதல்ல. எடுக்கப்போறது தலைவரா இருந்தா, நல்ல நேரம் பார்த்து தலைமையை அடுத்தவருக்கு மாத்திட்டு, எல்லாம் அமைதியா ஓடுதான்னு பார்த்துட்டுத் தொடருங்க.

அப்புறம் பவரை நிறுத்துங்க. அதுக்கப்புறம்தான் ஸ்டாக் கேபிள். ஓடும்போதே ரெண்டு கேபிளையும் உருவினீங்கன்னா, கையில இருக்கிற பெட்டி தானே ஒரு தலைவர் ஆகி, ஸ்டாக்கோட அதே ஐபி-யோட கத்த ஆரம்பிக்கும். அதுல வேற ஏதாவது நெட்வொர்க் கேபிள் மாட்டியிருந்தா ஐபி மோதல். கழட்டினதும் ரெண்டு பக்கத்து ஸ்விட்சையும் நேரா இணைச்சு வட்டத்தை மூடுங்க. பாதி வட்டத்தோட விட்டுட்டு வீட்டுக்குப் போகாதீங்க, அடுத்த கேபிள் பழுதானா ஸ்டாக் உடையும்.

எடுத்ததும் அந்த நம்பரோட கான்ஃபிக் ஸ்டாக்ல அப்படியே காத்திருக்கும். இது நல்ல விஷயம். ரிப்பேர் ஆன பெட்டிக்குப் பதிலா அதே மாடலை அதே நம்பரோட வெச்சா, பழைய கான்ஃபிக் தானா வந்து உக்காந்துக்கும். இனி அந்த இடமே வேண்டாம்னா மட்டும், ப்ரொவிஷன் வரியை நீக்கிச் சுத்தம் பண்ணுங்க.

ஒரு எச்சரிக்கை. ஸ்டாக் முழுக்கத் தலைவரோட மேக் அட்ரஸைத்தான் தன் மேக்கா பயன்படுத்தும். தலைவரை எடுத்த பிறகும், செட்டிங்கைப் பொறுத்து, ஸ்டாக் அந்தப் பழைய மேக்கையே வெச்சுக்கிட்டிருக்கலாம். அந்தப் பெட்டியை அதே நெட்வொர்க்ல வேற இடத்துல மாட்டினா ஒரே மேக் ரெண்டு இடத்துல.

கடைசியா, ஸ்டோர் ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி கான்ஃபிக்கை அழிச்சு, ப்ரையாரிட்டியை 1 ஆக்கி, மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க. "துடைச்சாச்சு, ப்ரையாரிட்டி 1"னு தேதி போட்டு. அந்த ஸ்டிக்கர் உங்களுக்காக இல்லை. நாளைக்கு வரப்போற 22 வயசுப் பையனுக்கு.

கரண்ட் போய் வந்தா

நம்ம ஊர் கதைக்கு வருவோம். கரண்ட் போச்சு, யுபிஎஸ் தீர்ந்துச்சு, ஸ்டாக் மொத்தமும் ஆஃப். திரும்ப வரும்போது என்ன ஆகும்? மறுபடியும் தேர்தல். அதுக்கு ஒரு கால அளவு உண்டு. 3750-ல 20 விநாடி, 9300-ல 120 விநாடி. அதுக்குள்ள எழுந்தவங்கதான் போட்டியில. ஒரு ரேக்குக்கு மட்டும் பவர் லேட்டா வந்தா, நீங்க 15 கொடுத்து வெச்ச ஆளே தேர்தலைத் தவறவிடலாம். அவர் லேட்டா வந்தாலும் இருக்கிற தலைவரைக் கவுக்க மாட்டார், உறுப்பினரா சேர்ந்துக்குவார். நெட் ஓடும். ஆனா தலைவர் நீங்க நினைச்சவர் இல்லை. அதனால பெரிய கரண்ட் கட்டுக்கு அடுத்த நாள் காலையில ஒரு தடவை 'ஷோ ஸ்விட்ச்' போட்டுப் பாருங்க.

ஜூனிப்பர்ல இதையே விர்ச்சுவல் சேஸிஸ்னு சொல்றாங்க. அங்க ப்ரையாரிட்டி 0-லேர்ந்து 255, டிஃபால்ட் 128. கூடவே நல்ல வசதி ஒண்ணு இருக்கு. எந்த சீரியல் நம்பர் பெட்டிக்கு எந்த நம்பர், எந்த வேலைன்னு முன்னாடியே எழுதி வெச்சிடலாம். ஸ்டோர் ரூமிலேர்ந்து ஒருத்தர் வந்து முதலமைச்சர் ஆக முடியாது.

பெரிய இடத்துலயும் இதுதான்

"இதெல்லாம் சின்ன காலேஜ் லேப் பிரச்சினை"ன்னு நினைக்காதீங்க. 2018 அக்டோபர் 21, கிட்ஹப். பழுதாகிக்கிட்டிருந்த 100ஜி ஆப்டிக்கல் கருவியை மாத்துற வழக்கமான பராமரிப்பு வேலை. அதுல அமெரிக்கக் கிழக்குக் கரை நெட்வொர்க் மையத்துக்கும் அங்க இருக்கிற முதன்மை டேட்டா சென்டருக்கும் தொடர்பு அறுந்துச்சு. எவ்வளவு நேரம்? 43 விநாடி. அதுக்குள்ள தானியங்கி அமைப்பு மேற்குக் கரையில இருந்த டேட்டாபேஸைத் தலைவர் ஆக்கிடுச்சு. கிழக்குல எழுதினது மேற்குல இல்லை, மேற்குல எழுதினது கிழக்குல இல்லை. ரெண்டு தலைவர். சரி பண்ண ஆன நேரம் 24 மணி 11 நிமிஷம்.

அது ஸ்விட்ச் ஸ்டாக் இல்லை, டேட்டாபேஸ். ஆனா நோய் ஒண்ணுதான். "இப்ப யார் தலைவர்"ங்கிற கேள்விக்கு ரெண்டு பதில் வந்துட்டா, கேபிள் சரியான பிறகும் வலி நிக்காது. நான் இப்ப எழுதுற சாஃப்ட்வேர்லயும் லீடர் எலெக்‌ஷன் வரும். ஒவ்வொரு தடவையும் அந்த லேப் ரேக்தான் கண் முன்னாடி வருது.

அதனால தம்பி, உங்க கேள்விக்கு என் பதில். கேபிளைச் சொருகினா போதும், ஆனா சும்மா சொருகக் கூடாது. காப்பி எடுங்க, ப்ரையாரிட்டி பாருங்க, பவர் கார்டை உருவிட்டுச் சொருகுங்க. முக்கியமா, மேல யார் என்ன பண்ணிக்கிட்டிருக்காங்கன்னு கேளுங்க. எல்லாம் சரியா செஞ்சாலும் டெஸ்ட் நடக்கும்போது செய்யாதீங்க. சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க நமக்கு முடியும். பஸ் பிடிக்க வேண்டியவங்களுக்கு முடியாது.

யாராவது வந்து "நெட்டு எப்போ வரும்"னு கேட்டா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க. அவங்க அடுத்து என்ன செய்யணும்னு அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க. நான் அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட அந்த முடிவையும் சேர்த்துத்தான் பறிச்சேன்.

கரண்ட் போகலை, பரவாயில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.